மன்னார்: ஒவ்வொன்றாக வந்தவை

மன்னார்ப் பறவைகளைப் பற்றிக் கதைக்கிற ஆக்கள் பெரும்பாலும் காற்றாலையிலதான் தொடங்குவினம். ஆனால் கதை அதைவிட நூறு வருஷம் பழசு.

மன்னார்த் தீவையும் பெருநிலத்தையும் இணைக்கிற பாதை, ஆழமில்லாத கடலையும் சேற்றுத் தரையையும் குறுக்கறுத்துப் போகிறது. மாரியில் வருகிற பூநாரைகளும் ஊசிவால் வாத்துகளும் உள்ளான்களும் இரை தேடுவது இந்தச் சேற்றில்தான். 1914இல் தலைமன்னாருக்கு ரயில் ஓடத் தொடங்கியது. 1990இல் போரால் நின்றது.

"சண்டைதான் பறவைகளைக் காப்பாற்றியது" எண்டு சிலர் சொல்லுவினம். நாங்கள் அப்படிச் சொல்ல மாட்டோம். மன்னார் முஸ்லிம் சனம் புலிகளால் வெளியேற்றப்பட்டதும் அதே 1990இல்தான். ஆளில்லாத ஊரின் அமைதிக்குப் பாதுகாப்பு எண்டு பேர் வைக்கேலாது.

2008இல் வங்காலை சரணாலயமானது. 2010இல் அதன் 4,839 ஹெக்டேயரும் ராம்சார் ஈரநிலமானது. அதே வருஷம் புதுப் பாலம் திறக்கப்பட்டது. 2015இல் ரயில் திரும்பி வந்தது. 2020 டிசம்பரில் தீவின் தெற்குக் கரையில் 30 காற்றாலைகளோடு 'தம்பபவனி' வந்தது.

பாலமும் ரயிலும் எங்களுக்குத் தேவை. காற்று மின்சாரமும் கெட்டதில்லை. பிரச்சினை என்னவெண்டால், ஒவ்வொரு திட்டத்தையும் தனித்தனியாகத்தான் பார்க்கிறார்கள். தனியாகப் பார்த்தால் எல்லாமே சின்னப் பாதிப்புத்தான். கூட்டிப் பார்க்க ஆளில்லை. சரணாலயத்துக்கு வரைபடத்தில் எல்லை இருக்கு, பறவைக்கு இல்லை. காற்றாலைகள் எல்லைக்கு வெளியே நிற்கின்றன, அவற்றின் மின்கம்பிகளோ சரணாலயத்துக்கு மேலால் போகின்றன.

2025 பெப்ரவரியில் அதானி நிறுவனம் தன் காற்றாலைத் திட்டத்திலிருந்து விலகியது. சந்தோஷப்பட்டோம். ஆனால் அது நடந்தது, அரசாங்கம் மின்சார விலையைத் திரும்பப் பேச வெளிக்கிட்ட பிறகு. விலை சரியாக இருந்திருந்தால்?

அதே வருஷம் வேறு காற்றாலைகளுக்கும் கனிய மணல் அகழ்வுக்கும் எதிராக மன்னார்ச் சனம் வீதிக்கு இறங்கியது. மழைவெள்ளம் வடிய வழியில்லை எண்டும் சொன்னது. பறவை இறங்குகிற தாழ்நிலமும் வெள்ளம் வடிகிற தாழ்நிலமும் வேறு வேறில்லை. அதனால் அடுத்த திட்டத்துக்குச் சுற்றாடல் தாக்க மதிப்பீடு வரும்போது நாங்கள் கேட்கவேண்டிய கேள்வி ஒன்றுதான்: 1914இலிருந்து வந்த எல்லாவற்றோடும் இதையும் கூட்டினால், இந்தத் தீவு தாங்குமா?