ஓரத்தை இழைத்தது யார்?: கிதார், ஈட்டி மரம், தச்சுக்கை

'இழைத்தல்' என்ற ஒரே சொல்லைத் தமிழில் பல வேலைகளுக்கு வைத்திருக்கிறோம். இழைப்புளியால் பலகையைச் சீவுவது இழைப்பு. மரத்துக்குள் வேறு மரத்தையோ தந்தத்தையோ பதிப்பதும் இழைப்பு. சுருதியோடு குரல் 'இழைகிறது' என்கிறோம். தச்சும் அலங்காரமும் இசையும் ஒரு சொல்லுக்குள் கூடி நிற்கின்றன. இவை எப்போது, யாருடைய வசதிக்காகத் தனித்தனியாக்கப்பட்டன, பிரித்தபின் எது மேல், எது கீழ் என்று யார் தீர்மானித்தார்கள் என்பதுதான் இக்கட்டுரையின் கேள்வி. அதற்கு நான் எடுத்துக்கொண்டிருக்கும் பொருள், கையால் செய்யப்படும் மரக் கிதார்.

கிதாரின் முகப்பலகை சுமார் 3 மில்லிமீட்டர் கனம்தான். இரும்புத் தந்திகள் அதன்மேல் சுமார் 70 கிலோ இழுவிசையைச் சுமத்துகின்றன. முகப்பலகையும் பக்கப்பலகையும் கூடும் ஓரத்தில் ஒரு காடி வெட்டி, மெல்லிய மரப்பட்டைகளை வளைத்து ஒட்டுகிறார்கள். ஒலித்துளையைச் சுற்றிப் பதிக்கும் வட்டச் சித்திரம் வேறு ஒரு வேலை. சாயமேற்றிய மெல்லிய குச்சிகளைக் கட்டாகச் சேர்த்து வஜ்ஜிரம் போட்டு ஒட்டி, அந்தக் கட்டைக் குறுக்கே அறுத்தால் ஒவ்வொரு சில்லிலும் ஒரே கோலம் வரும். அந்தச் சில்லுகளை வரிசையாகப் பதிக்க வேண்டும். பார்ப்பவர்கள் 'பூவேலை' என்று சொல்லிவிட்டுப் போவார்கள்.

அரியாங்குப்பத்தில் எங்கள் தெருப்பக்கம் ஒரு தச்சர் இருக்கிறார். மாதா கோயில் பாட்டுக் குழுவின் கிதார்களைப் பழுதுபார்த்துப் பார்த்தே கிதார் கட்டக் கற்றுக்கொண்டவர். ஓரப்பட்டை எதுக்கு, அழகுக்கா என்று கேட்டேன். "அழகும்தான். ஆனா பலகையோட வெட்டுவாய் அங்கதான் தொறந்து கிடக்கு. ஈரம் அது வழியாத்தான் ஏறும். ஓரத்துல இடிபட்டா வெடிப்பு அங்கேருந்துதான் ஓடும். ஓரம் விட்டுச்சின்னா எல்லாம் விட்டுடும்" என்றார். உப்புக்காற்றும் ஈரமும் குறையாத கடலோரத்தில் இருந்துகொண்டு சொன்னது இது.

அவர் சொன்னதைத்தான் மேற்கத்திய அழகியல் இருநூறு ஆண்டுகளாகச் சொல்லத் திணறியிருக்கிறது. காண்ட் தன் மூன்றாம் விமர்சன நூலில் (1790) ஓவியத்தின் சட்டகம், சிலையின் ஆடை, மாளிகையின் தூண்வரிசை ஆகியவற்றைப் 'படைப்புக்கு வெளியே நிற்கும் அணி' என்று ஒதுக்கினார். தெரிதா 1978இல் இதையே பிடித்துக்கொண்டார். சட்டகம் வெளியே இருக்கிறதா, உள்ளே இருக்கிறதா? உள்ளே ஒரு குறை இல்லாவிட்டால் வெளியிலிருந்து சட்டகம் எதற்கு? 'மையம்' என்று நாம் சொல்வது ஓரத்தின் உழைப்பில் நிற்கிறது, நின்றுகொண்டே ஓரத்தை மறுக்கிறது. கிதாரின் ஓரப்பட்டையில் இது தத்துவமாக இல்லாமல் மரமாகவே கண்முன் இருக்கிறது.

மரத்தை விட்டுவிட்டு மனிதர்களுக்கு வருவோம். ஜெர்மனியின் சாக்சனியில் மார்க்நாய்கிர்ஹன் என்றொரு வாத்தியத் தொழில் ஊர். அங்கே கிதார் செய்யும் உரிமை யாருக்கு என்று இரண்டு தொழிற்சங்கங்களுக்குள் வழக்கு. வயலின் செய்பவர்கள் 1826இல் முறையிட்டார்கள்: நாங்கள் கலைஞர்கள், அலமாரி செய்யும் தச்சர்கள் வெறும் கைத்தொழிலாளிகள், அவர்கள் எப்படி வாத்தியம் செய்யலாம்? நம் ஊரில் சாதி பேசுகிற பேச்சு அங்கே சங்கத்தின் குரலில் கேட்கிறது. தச்சர்கள் தம் உரிமையை விட்டுக்கொடுக்கவில்லை. அந்தத் தச்சர் சங்கக் குடும்பத்தைச் சேர்ந்த கிறிஸ்டியன் பிரெடரிக் மார்ட்டின் 1833இல் அமெரிக்காவுக்குக் கப்பலேறினார். இன்று 'அமெரிக்கக் கிதார்' என்று உலகம் அறிந்த வடிவத்தின் பெரும்பகுதி அவர் தொடங்கிய பட்டறையிலிருந்து வந்தது. வெறும் கைத்தொழிலாளி என்று தள்ளப்பட்டவரின் பெயரே பின்னால் வணிகச் சின்னமானது.

ஸ்பெயினின் அந்தோனியோ தே தோரஸும் (1817–1892) தச்சு படித்தவர்தான். 1862இல் முதுகையும் பக்கங்களையும் காகித அட்டையால் செய்து ஒரு கிதார் கட்டினார். ஒலியின் பெரும்பங்கு முகப்பலகையிலும் அதன் உள்ளே விசிறிபோல் ஒட்டிய குச்சிகளிலும்தான் என்று காட்டுவதற்காக. முதுகில் எத்தனை விலையுயர்ந்த மரத்தை வைத்தாலும் அதைவிடக் கண்ணுக்குத் தெரியாத குச்சிகளைச் சீவிய கைக்குத்தான் வேலை அதிகம்.

ஆனாலும் விலையுயர்ந்த மரத்தின் மீதான மோகம் குறையவில்லை. மார்ட்டின் நிறுவனம் பிரேசில் நாட்டு ரோஸ்வுட்டைத்தான் நம்பியிருந்தது. பிரேசில் தன் மரக்கட்டைகளின் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தியதும் 1969இல் இந்திய மரத்துக்கு மாறியது. இந்திய மரம் என்றால் நம் ஈட்டி. தோதகத்தி என்றும் சொல்வோம். நீலகிரி, வயநாடு, குடகுக் காடுகளில் வளர்வது. 1882ஆம் ஆண்டின் சென்னை வனச் சட்டம் நீலகிரி, வயநாட்டுக் காடுகளை அரசின் சொத்தாக்கியபோது அங்கே வாழ்ந்த பழங்குடிகள் தங்கள் சொந்த மண்ணில் அத்துமீறியவர்களானார்கள். பின்னால் தமிழ்நாட்டு அரசு 1994இல் ஈட்டி மரப் பாதுகாப்புக்கென்றே தனிச் சட்டம் போட்டது.

2017இல் ஈட்டி உள்ளிட்ட தல்பெர்ஜியா பேரினம் முழுவதும் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுக்குள் வந்தது. இசைக்கருவி வணிகம் கூச்சல் போட்டது. 2019இல் முடிந்த வாத்தியங்களுக்கு விலக்கு கிடைத்தது. அறுத்த பலகைக்குத் தாள் வேண்டும், முடிந்த கிதாருக்கு வேண்டாம். மரம் காக்கப்பட வேண்டியதுதான், அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் எங்கே 'முடிகிறதோ' அங்கே சுதந்திரம், எங்கே தொடங்குகிறதோ அங்கே சோதனைச் சாவடி என்ற ஏற்பாட்டைக் கவனிக்க வேண்டும்.

இது புதிதில்லை. 17ஆம் நூற்றாண்டில் சோழமண்டலக் கரையில் கருங்காலியில் செதுக்கிய நாற்காலிகள் ஐரோப்பாவுக்குப் போயின. அடுத்த நூற்றாண்டில் ஹொரேஸ் வால்போல் அவற்றை டியூடர் காலத்து ஆங்கிலேய நாற்காலிகள் என்று நம்பித் தன் மாளிகைக்கு வாங்கிச் சேர்த்தார். நம் கரையின் கை ஆங்கிலேயரின் புராதனப் பெருமையாக மாறிப்போனது. செய்தவர் பெயர் ஒன்றுகூட மிஞ்சவில்லை.

எங்கள் ஊர் ஓரத்து அரிக்கமேடும் இதே கதைதான். 1945இல் மார்ட்டிமர் வீலர் தோண்டி, இத்தாலியப் பானையோடுகளை வைத்து அதை ரோமானிய வணிக நிலையமாக எழுதினார். 1989–92இல் விமலா பெக்லி நடத்திய அகழாய்வுகள், ரோமானியச் சரக்கு வருமுன்பே அங்கு உள்ளூர் மக்கள் குடியிருந்து தொழில் செய்ததை உறுதிப்படுத்தின. மயிரிழைத் துளையிட்டு மணி செய்த கைகள் வரலாற்றின் 'அணி'யாகவும், வந்திறங்கிய பானை வரலாற்றின் 'உடலாகவும்' ஆயின.

வெள்ளைக்காரனை மட்டும் சொல்லித் தப்பிக்க முடியாது. தஞ்சாவூர் வீணைக்கு 2013இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பலாமரத்தைக் குடைந்து, யாளி செதுக்கி, முன்பு தந்தமும் இன்று பிளாஸ்டிக்கும் இழைப்பவர்கள் ஆசாரிமார். வாசித்தவர்கள் பெயருக்கு வரலாறு இருக்கிறது, பட்டம் இருக்கிறது, சபாக்களில் படம் மாட்டியிருக்கிறது. செய்தவர்? ஊர்ப்பெயருக்குள் கரைந்துபோனார். குறியீடும் ஊருக்குத்தான், ஆளுக்கில்லை. கலைஞர், தொழிலாளி என்ற மார்க்நாய்கிர்ஹன் வழக்கு அங்கே முறையீடாகவாவது பதிவானது. இங்கே பிறப்பிலேயே தீர்ப்பாகிவிடுவதால் பதிய வேண்டிய தேவையே எழவில்லை.

கைவேலைக் கிதாரின் உள்ளே, ஒலித்துளை வழியே பார்த்தால் தெரியும்படி ஒரு சீட்டு ஒட்டுவது வழக்கம். செய்தவர் பெயர், ஆண்டு. ஐரோப்பியத் தச்சர்கள் சண்டை போட்டு வாங்கிய இடம் அது. எங்கள் தெருத் தச்சர் தான் கட்டிய கிதாரில் சீட்டு ஒட்டவில்லை. ஏங்க என்றேன். "வாங்குறவங்க வெளிநாட்டுப் பேர் இருந்தாத்தான் எடுப்பாங்க. எம் பேரப் போட்டா வெலை எறங்கிடும்" என்று சொல்லிவிட்டு அரத்தைத் தேடப் போய்விட்டார். விமர்சனம் எழுதுகிற நாம், வாத்தியம் பற்றியும் இசை பற்றியும் இனி எழுதும்போது அந்தக் காலிச் சீட்டிலிருந்து தொடங்கலாம். இந்த ஈட்டி எந்த மலையிலிருந்து வந்தது, அதை வெட்டியது யார், ஓரத்தை இழைத்தது யார், அவருக்கு என்ன கூலி? இந்த நான்கு கேள்விக்கும் பதில் இல்லாமல் எழுதுவதை இசை வரலாறு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.