லத்தீனுக்குப் போன தரங்கம்பாடி

காரைக்கால் மாவட்டத்தின் வடகோடியில் இருக்கிறது பூவம். நண்டலாற்றைத் தாண்டினால் தமிழ்நாடு. பொறையாறும் தரங்கம்பாடியும் வந்துவிடும். இந்தக் கரையின் கழிமுகங்களில் பிடிபடும் சேற்று நண்டு வகை ஒன்றின் அறிவியல் பெயர் ‘சில்லா டிராங்குபாரிக்கா’. இதில் இரண்டாவது சொல் லத்தீன் பெயரடை. ‘தரங்கம்பாடியைச் சேர்ந்த’ என்பது அதன் பொருள்.

மாசிலாமணிநாதர் கோயில் கல்வெட்டில் அந்த ஊர் சடங்கன்பாடி. பின்னாளில் தரங்கம்பாடி ஆயிற்று. தரங்கம் என்றால் அலை. ‘அலை பாடும் ஊர்’ என்று சொல்வது கேட்க இனிமைதான். ஆனால் வாணியம்பாடியில் உள்ளதுபோல இங்கும் ‘பாடி’ குடியிருப்பையே குறிக்கும். 1620-இல் தஞ்சை ரகுநாத நாயக்கரிடம் அனுமதி பெற்றுக் கோட்டை கட்டிய டேனியர் நாவில் அது ‘டிராங்கபார்’ என்று திரிந்தது. அதோடு ‘இக்குஸ்’ என்ற லத்தீன் விகுதியை ஒட்டினார்கள் இயற்கை நூலார்.

லின்னேயஸின் மாணவரான டேனிய அறிஞர் ஃபாப்ரிசியஸ், 1798-இல் அந்த நண்டுக்கு இட்ட பெயர் ‘போர்ட்டூனஸ் டிராங்குபாரிக்குஸ்’. போர்ட்டூனஸ் ஆண்பால். பிறகு நண்டு சில்லா பேரினத்துக்கு மாற்றப்பட்டது, அது பெண்பால். ஆகவே ‘குஸ்’ போய் ‘கா’ வந்தது. ‘வந்தான்’, ‘வந்தாள்’ என்று வினையில் பால் காட்டுகிறோம். லத்தீனில் பெயரடையே பால் காட்டுகிறது.

இருந்தும் அந்தப் பெயர் நெடுங்காலம் மங்கிக் கிடந்தது. சேற்று நண்டுகள் எல்லாவற்றையும் ‘செர்ராட்டா’ என்ற ஒரே பெயரில் அடக்கியோர் பலர். 1998-இல் கீனனும் உடன் ஆய்வாளர்களும் அவற்றை நான்கு இனங்களாகப் பிரித்தபோதுதான் டிராங்குபாரிக்கா உறுதியாக நிலைபெற்றது. கடைசி இரண்டு இணைக் கால்களில் வலைப்பின்னல் போன்ற கோலம் தெளிவாகத் தெரியும்; மற்றக் கால்களில் மங்கியோ இல்லாமலோ இருக்கும்.

கழுத்தில் கறுப்புப் பட்டை கொண்ட செந்நிறப் புறா ஒன்றுக்கும் இதே பெயரடைதான். ஸ்ட்ராஸ்பர்க் அறிஞர் ஹெர்மன் இட்ட அந்தப் பெயர், அவர் மறைந்த பின் 1804-இல் அச்சேறியது.

விந்தை என்னவென்றால், வட அமெரிக்க வண்டு ஒன்றும் ‘சிசிண்டெலா டிராங்குபாரிக்கா’தான். 1806-இல் ஹெர்ப்ஸ்ட் பெயரிட்டபோது அது கிடைத்த இடம் தவறாகக் குறிக்கப்பட்டுவிட்டது. முதலில் இட்ட பெயருக்கே முன்னுரிமை என்பது விலங்கியல் விதி. அதனால் பிழை தெரிந்த பிறகும் பெயர் நீடிக்கிறது.

பூவத்திலும் தரங்கம்பாடியிலும் உயிரியல் நடத்தும் ஆசிரியர்கள் இந்தச் சொல்லை ஒருமுறை கரும்பலகையில் எழுதிக் காட்ட வேண்டும்.