குழந்தை யாரிடம் வளர வேண்டும்? நீதிமன்றத்தின் அளவுகோலும் சாதியும்

திருத்தணி 1960 ஏப்ரல் 1 வரை ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. எல்லை மாறினாலும் நகரி, புத்தூர் பக்கத்து உறவுகள் அறுபடவில்லை. எனவே இங்கே ஒரு மணவாழ்வு முறிந்து, குழந்தை தாய்வழியிலோ தந்தைவழியிலோ உறவினர் வீட்டுக்குச் செல்லும்போது, பல நேரங்களில் மாநிலமே மாறிவிடுகிறது. பெற்றோரில் ஒருவர் மட்டும் தலித் என்றால் சிக்கல் இரட்டிப்பாகிறது. வசதி படைத்த சாதி இந்துக் குடும்பம், தன்னிடம் வளர்ந்தால்தான் குழந்தைக்கு எதிர்காலம் என்று வாதிடுகிறது. அந்த வாதத்துக்குச் சட்டத்தில் எவ்வளவு இடம் உண்டு?

எந்த நீதிமன்றம்?

1890-ஆம் ஆண்டின் பாதுகாவலர் மற்றும் சிறார் சட்டத்தின் 9-ஆவது பிரிவுப்படி, குழந்தை வழக்கமாக வசிக்கும் இடத்துக்குரிய நீதிமன்றமே மனுவை விசாரிக்கும். குடும்ப நல நீதிமன்றம் உள்ள இடத்தில் அதுவும், இல்லாத இடத்தில் மாவட்ட நீதிமன்றமும் விசாரிக்கின்றன. குழந்தை திருத்தணியில் வசித்ததா, நகரியில் வசித்ததா என்பதைப் பொறுத்து மேல்முறையீடு சென்னைக்கும் போகலாம், அமராவதிக்கும் போகலாம். பள்ளிச் சேர்க்கை, அங்கன்வாடிப் பதிவு, தடுப்பூசி அட்டை, குடும்ப அட்டை ஆகியவை வசிப்பிடத்தை நிறுவ உதவும். குழந்தை வேறிடத்துக்குக் கொண்டு செல்லப்பட்டால் காலம் கடத்தாமல் மனு செய்வதும், 12-ஆவது பிரிவின் கீழ் இடைக்கால உத்தரவு கோருவதும் முக்கியம்.

எது அளவுகோல்?

1956-ஆம் ஆண்டின் இந்து சிறார் மற்றும் பாதுகாவலர் சட்டம் தந்தையை முதல் இயற்கைப் பாதுகாவலராகவும், ‘அவருக்குப் பின்’ தாயையும் வைக்கிறது. எழுத்தாளர் கீதா ஹரிஹரன் தொடுத்த வழக்கில் 1999-இல் உச்ச நீதிமன்றம், ‘பின்’ என்பதற்குத் தந்தை இறந்த பின் என்று மட்டும் பொருளல்ல, அவர் பொறுப்பேற்காத நிலையையும் அது குறிக்கும் என்று விளக்கியது. ஐந்து வயது நிறையாத குழந்தை பொதுவாகத் தாயிடமே இருக்க வேண்டும் என்கிறது 6-ஆவது பிரிவு. எல்லாவற்றுக்கும் மேலாகக் குழந்தையின் நலனை வைக்கிறது 13-ஆவது பிரிவு. இச்சட்டம் பௌத்தர்களுக்கும் பொருந்தும்; கிறித்தவர்களுக்கு 1890 சட்டமும் 1869-ஆம் ஆண்டின் மணமுறிவுச் சட்டமும் பொருந்தும்.

சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து மேல்முறையீடாகச் சென்ற ரோஸி ஜேக்கப் வழக்கில் (1973), குழந்தைகள் பெற்றோரின் உடைமையும் அல்லர், விளையாட்டுப் பொருளும் அல்லர் என்று உச்ச நீதிமன்றம் கூறியது. சூழல் மாறினால் உத்தரவையும் மாற்றலாம் என்றது. மேம்பட்ட பொருளாதார வசதி மட்டுமே முடிவைத் தீர்மானிக்க முடியாது என்று 2008-இல் மற்றொரு தீர்ப்பு வந்தது. தினக்கூலி பெறும் தலித் தாய்க்கோ தந்தைக்கோ இதுவே முதன்மையான பிடிமானம். இதுவரை குழந்தையைப் பராமரித்தவர் யார், படிப்பு தடைபடாதா, வீட்டில் வன்முறை உண்டா ஆகியவற்றை நீதிமன்றம் ஆராய்கிறது. விவரம் அறிந்த வயதென்றால் குழந்தையின் விருப்பத்தையும் கருதுகிறது.

சந்திப்பு உரிமை

குழந்தை ஒருவரிடம் ஒப்படைக்கப்பட்டாலும் மற்றவரைச் சந்திக்கும் உரிமை அதற்கு உண்டு. 2020-இல் உச்ச நீதிமன்றம் நேரடிச் சந்திப்போடு தொலைபேசி, காணொலித் தொடர்பையும் வலியுறுத்தியது. ஆனால் ‘வார இறுதியில் சந்திக்கலாம்’ என்று பொதுப்பட எழுதப்படும் உத்தரவு தலித் பெற்றோரை ஆபத்தில் தள்ளக்கூடும். சாதி மறுப்புத் திருமணம் செய்த தலித் தந்தை, குழந்தையைப் பார்க்க மனைவி குடும்பத்தாரின் தெருவுக்குள் செல்ல நேர்வதை எண்ணிப் பாருங்கள். எனவே நாள், நேரம், இடம், அழைத்து வருபவர் யார் என்பவை உத்தரவிலேயே இடம்பெறக் கோர வேண்டும். நீதிமன்ற வளாகம் போன்ற பொது இடத்தைக் கேட்கலாம். ஆடிக் கிருத்திகை, பொங்கல், கோடை விடுமுறை நாள்களையும் முன்கூட்டியே பிரித்துக் கேட்கலாம். குடும்ப வன்முறை இருந்தால், 2005-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 21-ஆவது பிரிவின் கீழ் குற்றவியல் நடுவர் தற்காலிகமாகக் குழந்தையைத் தாயிடம் ஒப்படைக்கவும், தீங்கு நேருமென்றால் சந்திப்பை மறுக்கவும் முடியும்.

சாதிச் சான்றிதழ்

இந்த வழக்குகளில் அதிகம் பேசப்படாத பகுதி இது. குழந்தை தந்தையின் சாதியையே சேரும் என்பது மாற்ற முடியாத விதியல்ல என்று 2012-இல் குஜராத் வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பட்டியல் சாதி அல்லது பழங்குடித் தாயிடம் வளர்ந்து, அச்சமூகத்தின் இழிவுகளையும் இழப்புகளையும் தானும் அனுபவித்ததைக் குழந்தை நிறுவலாம். அப்போது யாரிடம், எங்கே வளர்ந்தது என்பதைக் காட்டும் குடும்ப நல நீதிமன்ற உத்தரவும் சான்றாக உதவும். 2024 டிசம்பரில், தலித் அல்லாத தாயிடம் வளரும் இரு குழந்தைகளுக்கு, தலித் தந்தை ஆறு மாதத்துக்குள் பட்டியல் சாதிச் சான்றிதழ் பெற்றுத்தர வேண்டுமென உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது.

எல்லை இங்கும் குறுக்கிடுகிறது. ஒரு மாநிலத்தின் பட்டியல் சாதியினர், குடிபெயர்ந்த வேறொரு மாநிலத்தின் இடஒதுக்கீட்டை அந்தத் தகுதியில் கோர முடியாது என்று 2018-இல் அரசியல் சாசன அமர்வு கூறியது. எனவே வசிப்பிடம் மாறும்போது கல்வி, வேலை உரிமைகள் என்னவாகும் என்பதையும் நலன் குறித்த வாதத்தில் சேர்க்க வேண்டும்.

சட்ட உதவி

1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின் 12-ஆவது பிரிவுப்படி பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பெண்கள், குழந்தைகள் ஆகியோர் வருமான வரம்பின்றி இலவச வழக்கறிஞரைப் பெறலாம். வட்ட சட்டப் பணிகள் குழுவையோ 15100 என்ற எண்ணையோ அணுகலாம். குடும்ப நல நீதிமன்றத் தீர்ப்பை எதிர்த்து மேல்முறையீடு செய்ய 30 நாள்கள் மட்டுமே அவகாசம். வறுமையைக் காட்டிக் குழந்தையைப் பறிக்க முயல்வோருக்கு எதிராகச் சட்டம் வழி தந்திருக்கிறது. அதை உரிய காலத்தில் உரியவர் கையில் சேர்ப்பது களத்தில் இருப்போரின் கடமை.