ரப்பர் ஸ்டாம்பும் ஒரு பல் டாக்டரும்

மாற்றலில் ஊர் ஊராகச் சுற்றும் குடும்பங்களில் ஒரு தகரப் பெட்டி கட்டாயம் இருக்கும். பழைய பாஸ்புக், ரேஷன் கார்டு, கூடவே தாத்தா நடத்திய கடையின் ரப்பர் ஸ்டாம்ப். மரப்பிடி நன்றாக இருக்கும். ரப்பர் மட்டும் கருவாடு மாதிரி விறைத்துப் போயிருக்கும். தூக்கிப் போடவும் மனசு வராது. அதைக் காப்பாற்ற முடியுமா என்று பார்ப்பதற்கு முன் அது வந்த கதையைக் கொஞ்சம் சொல்கிறேன். கதையில் ஒரு கொலைகூட உண்டு!

பென்சில் எழுத்தை இந்தப் பிசின் அழிக்கும் என்று ஜோசப் பிரீஸ்ட்லி 1770-ல் எழுதி வைத்தார். தேய்ப்பதற்கான ஆங்கிலச் சொல்லிலிருந்துதான் 'ரப்பர்' என்ற பெயரே வந்தது. ஆனால் பச்சை ரப்பர் வெயிலில் பிசுபிசுக்கும், குளிரில் விறைக்கும். கந்தகம் சேர்த்துச் சூடாக்கினால் இந்தக் குறை தீரும் என்று அமெரிக்காவில் சார்லஸ் குட்இயர் 1839-ல் கண்டுபிடித்தார். 1844-ல் காப்புரிமையும் வாங்கினார். இங்கிலாந்தில் தாமஸ் ஹான்காக் அவரை முந்திக்கொண்டார். குட்இயர் 1860-ல் இறந்தபோது மிச்சம் வைத்தது பெரும் கடன்தான்.

அவருடைய தம்பி நெல்சன் 1851-ல் கெட்டி ரப்பருக்குக் காப்புரிமை பெற்றார். தங்கத் தகட்டில் பல்செட் கட்ட வசதியில்லாதவர்களுக்கு இது வரப்பிரசாதம். பிளாஸ்டர் அச்சில் ரப்பரை வைத்து நீராவியில் வேகவைக்கும் சின்ன பாத்திரம் பல் டாக்டர்களிடம் வந்து சேர்ந்தது.

இங்கேதான் நம் ஸ்டாம்ப் வருகிறது. பல்லுக்குப் பதில் அச்சு எழுத்துகளைக் கோத்து, பிளாஸ்டரில் பதித்து, அந்தப் பள்ளத்தில் ரப்பரை அழுத்தி அதே பாத்திரத்தில் வேகவைத்தால் ரப்பர் ஸ்டாம்ப்! 1860-களில் இதை முதலில் செய்தது யார் என்பதில் போட்டி உண்டு. அதிகம் சொல்லப்படும் பெயர் நியூயார்க் மாநிலத்து ஜேம்ஸ் உட்ரஃப்.

சரி, கொலை? ரப்பர் பல்செட்டின் காப்புரிமையை வைத்திருந்த கம்பெனியின் பொருளாளர் ஜோசயா பேக்கன், லைசென்ஸ் கட்டணம் கட்டாத பல் டாக்டர்களை ஊர் ஊராகத் துரத்தி வழக்குப் போட்டார். 1879 ஏப்ரலில் சான் பிரான்சிஸ்கோவில், சாமுவேல் சால்ஃபண்ட் என்ற பல் டாக்டர் அவரைச் சுட்டுவிட்டார். அடுத்த இரண்டு வருடத்தில் காப்புரிமையே காலாவதியானது. வசூல் வேலையின் ஆபத்து வங்கிக்காரனுக்குப் புரியும் :-)

இப்போது நம் பெட்டிக்கு வருவோம். ரப்பரின் நீண்ட இழைகளைக் கந்தகம் பாலம் போட்டுக் கட்டியிருக்கிறது. காற்று, வெளிச்சம், சூடு பட்டுப் பட்டுப் புதுக் கட்டுகள் விழ, ரப்பர் விறைக்கிறது. சிலது இழைகள் அறுந்து பிசுபிசுக்கும். எதுவானாலும் பழையபடி இளக்க வழியில்லை. ஆனால் "ரப்பர் போச்சு" என்று நாம் நினைப்பதில் பாதி, வெறும் காய்ந்த மை.

நகத்தால் அழுத்திப் பாருங்கள். கொஞ்சமாவது அமுங்கினால் நம்பிக்கை உண்டு. பஞ்சில் நாலு சொட்டு கிளிசரின் தொட்டு ரப்பரின் மேல் தடவி இரவு முழுக்க விடுங்கள். ஸ்டாம்ப் பேட் மையிலேயே பெரும்பாலும் கிளிசரின் இருப்பதால் பழைய மை இளகும். காலையில் சோப்புத் தண்ணீர் தொட்ட பழைய டூத் பிரஷால் மெதுவாகத் தேய்த்து, நிழலில் உலர்த்துங்கள். ஊறவைக்காதீர்கள், பிடியோடு ஒட்டிய பசை விட்டுவிடும். மண்ணெண்ணெய், பெட்ரோல், தின்னர் பக்கமே போக வேண்டாம், ரப்பர் ஊதி எழுத்து கோணிவிடும். தேங்காய் எண்ணெயும் வேண்டாம்.

கல்லாகிவிட்டதா? அதற்கும் ஒரு வழி. காகிதத்துக்கு அடியில் நாலைந்து செய்தித்தாளை மடித்து வைத்து அழுத்துங்கள். ரப்பர் வளையாவிட்டால் காகிதம் வளைந்து கொடுக்கும். நல்ல பதிவு ஒன்று கிடைத்ததும் ஸ்கேன் செய்துவிடுங்கள். அதைக் கொடுத்தால் ஸ்டாம்ப் கடையில் அதே மாதிரி புதிது செய்து தருவார்கள்.

ஒரே ஒரு எச்சரிக்கை, இது தொழில் புத்தி. வெற்றுத்தாளில் கம்பெனி முத்திரையைக் குத்தி அப்படியே போட்டுவைக்காதீர்கள். குறுக்கே கோடு போட்டு, 'நினைவுக்காக மட்டும்' என்று எழுதி, தேதி போடுங்கள். யார் கையில் எப்போது சிக்கும் என்று சொல்ல முடியாது.

சான்றிதழ் நகலில் பச்சை மைக் கையெழுத்தும் முத்திரையும் வாங்க கெஜட்டட் ஆபீசர் வீட்டு வாசலில் காத்து நின்றது நம் தலைமுறைக்கு மறக்காது. 2014-ல் மத்திய அரசு சுயசான்றொப்பம் போதும் என்று வலியுறுத்திய பிறகு அந்த அலைச்சல் பெருமளவு குறைந்தது. நம் பிள்ளைகளுக்கு ஸ்டாம்ப் என்றாலே வேடிக்கைப் பொருள். தாத்தா கடையின் பெயரையும் தெருவையும் அவர்கள் கையாலேயே ஒருமுறை குத்திப் பார்க்கச் சொல்லுங்கள். அந்த ஊர் எங்கே இருக்கிறது என்று அவர்களே கேட்பார்கள்.