ஒரு வீட்டிலிருந்து ஒருவர்

இங்கிலாந்தின் கார்ன்வால் கடற்கரையில் மௌஸ்ஹோல் என்றொரு சின்ன மீனவ ஊர். அதன் அருகே பென்லீ முனையில் 1913 முதல் ஓர் உயிர்காப்புப் படகு நிலையம் இருந்தது. படகில் போகிறவர்கள் தன்னார்வலர்கள். மீன் பிடிப்பவர், மதுக்கடை நடத்துபவர் என்று எல்லாம் ஊர்க்காரர்கள்தான்.

1981 டிசம்பர் 19 இரவு. முதல் பயணத்திலேயே எஞ்சின் நின்றுபோன ‘யூனியன் ஸ்டார்’ சரக்குக் கப்பல் பாறைகளை நோக்கி அடித்துச் செல்லப்பட்டது. உள்ளே எட்டுப் பேர்; கேப்டனின் குடும்பமும் அதில் இருந்தது. சூறைக்காற்றில் கடற்படை ஹெலிகாப்டரால் ஒருவரையும் தூக்க முடியவில்லை. 47 அடி மரப்படகான ‘சாலமன் பிரவுன்’ கிளம்பியது.

படகுத் தலைவர் ட்ரெவெல்யன் ரிச்சர்ட்ஸ், ஓடி வந்தவர்களில் நைஜல் ப்ராக்மனை ஏற்றிக்கொண்டார். பின்னாலேயே வந்த மகன் நீலை மட்டும் கரையிலேயே நிறுத்திவிட்டார். இந்த இரவில் ஒரு வீட்டிலிருந்து இரண்டு பேர் வேண்டாம் என்பது அவர் கணக்கு. சர்வர் பழுதானால் என்ன செய்வது என்று யோசித்தே சம்பளம் வாங்குகிற எனக்கு, அந்தச் சில நொடிக் கணக்கு இன்னும் பிடிபடவில்லை.

நான்கு பேரை மீட்டுவிட்டதாக ரேடியோவில் சொன்னார்கள். அப்புறம் சத்தமே இல்லை. பதினாறு பேரும் போனார்கள். ஒரே நாளில் புதுக் குழுவுக்கு ஆள் சேர்ந்தது. நீல் பிற்பாடு அதே நிலையத்தின் படகுத் தலைவரானார்.