பரணில் கிடக்கும் கைத்துப்பாக்கி

தாத்தா காலத்துப் பட்டாளக் கைத்துப்பாக்கி ஒன்று பரணில் கிடப்பதாக வைத்துக்கொள்வோம். நூறு வயதாகிவிட்டது, இனி அது வெறும் பழம்பொருள்தானே என்று நீங்கள் எண்ணலாம்.

நம் நாட்டின் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம், தொன்மை மதிப்புள்ள ஆயுதங்களுக்கு 45ஆம் பிரிவில் விலக்கு அளிக்கிறது. ஆனால் பழுது பார்த்தாலும் அது சுட இயலாததாக இருத்தல் வேண்டும். வயது மட்டும் போதாது. அமெரிக்கச் சட்டமோ ஆண்டைக் கொண்டே கோடு கிழிக்கிறது. 1898 வரை செய்யப்பட்டவை அங்கே தொல்பொருள். அதற்குப் பிந்தியவை 50 ஆண்டு கடந்தால் சேகரிப்புப் பொருளாகலாம். மூல வடிவம் மாறியிருக்கக் கூடாது.

மாற்றம் என்றால் என்ன? 1915இல் பிரிட்டிஷ் படை ஏற்ற வெப்லி ஆறாம் மாதிரி சுழல்துப்பாக்கியைப் பாருங்கள். அது .455 அங்குலத் தோட்டாவுக்கானது. இரண்டாம் உலகப் போருக்குப்பின் அமெரிக்காவில் பலவற்றின் உருளையைப் பின்புறம் இழைத்து, .45 தோட்டா போடும்படி ஆக்கினார்கள். புதுத் தோட்டாவின் வாயு அழுத்தமோ அதிகம்! உருளை வெடிக்கலாம், சேகரிப்பு மதிப்பும் போயிற்று. நம் சட்டத்தின்முன் அது இன்னும் சுடும் ஆயுதமே.

கல்வராயன் மலையில், குழாயின் வாய்வழியே மருந்து கெட்டிக்கும் நாட்டுத் துப்பாக்கிக்கும் இதே கணக்குத்தான். துரு ஏறியதெல்லாம் விலக்காகாது; துருவைத் தேய்த்து எடுக்கலாமல்லவா? 2019 திருத்தத்தின்படி பரம்பரையாக வந்தவற்றையும் சேர்த்து ஒருவர் இரண்டு சுடும் ஆயுதங்களுக்கு மேல் வைத்திருக்க இயலாது. ஆகவே, பரணில் எதையேனும் கண்டால் விசையை இழுத்துப் பார்க்காமல் காவல் நிலையத்தில் தெரிவியுங்கள்.