பதுவாவுக்குப் படிக்க வந்த வெளியூர்ப் பிள்ளைகள்

1/
போனை மேஜை மேல வெச்சிட்டு ஒரு சின்ன வேலை செய்யுங்க. இடது கையைத் தொங்கவிட்டா முன்கையில பச்சை நரம்பு புடைச்சுத் தெரியும். மணிக்கட்டுப் பக்கம் அதை ஒரு விரலால் அழுத்திப் பிடிங்க. இன்னொரு விரலால் முழங்கை பக்கமா நீவிட்டு, அந்த விரலை மட்டும் எடுங்க.

2/
நீவின இடம் காலியாகவே இருக்கும். மேலே ரத்தம் இருந்தும் கீழே இறங்காது. இப்போ அழுத்தின விரலையும் எடுங்க. கீழிருந்து சர்ருனு நிரம்பும். நாம பேச்சுல நரம்புன்னு சொன்னாலும் இது உண்மையில சிரை. உள்ளே வால்வு இருக்கு. ரத்தத்தை இதயத்தை நோக்கி மட்டும்தான் அது விடும்.

3/
இந்தச் சோதனையை 1628இல் வில்லியம் ஹார்வி தன் புத்தகத்தில் படம் போட்டு விளக்கினார். ரத்தம் உடம்பைச் சுற்றி வருகிறது என்று உலகத்துக்கு நிரூபித்த புத்தகம் அது. ஆனா அந்தப் படத்தின் மூலம் ஹார்வியுடையது இல்லை. அவருடைய வாத்தியார் 1603இல் போட்ட புத்தகத்திலிருந்து எடுத்தது.

4/
ஹார்வி இங்கிலாந்துக்காரர். வாத்தியார் ஃபாப்ரிசியஸ் இத்தாலிக்காரர். ஹார்வி புராட்டஸ்டன்ட் நாட்டுப் பிள்ளை. அவர் படிக்கப் போன ஊர் கத்தோலிக்க ஊர். மதத்துக்காக ஐரோப்பா முழுக்க ஒருத்தரை ஒருத்தர் வெட்டிக்கொண்டிருந்த காலம் வேற. இந்த ரெண்டு பேரும் எப்படி ஒரே வகுப்பில் சந்திச்சாங்க? இன்னைக்குக் கதை அதுதான்.

5/
ஊர் பெயர் பதுவா. நமக்குத் தெரிஞ்ச பெயர்தான். உவரியிலும் புளியம்பட்டியிலும் கூட்டம் கூட்டமாப் போய்க் கும்பிடுகிறோமே, பதுவை அந்தோணியார்! அவர் கடைசியாக வாழ்ந்த அதே ஊர். அவர் இறந்தது 1231இல். அதற்கு 9 வருஷம் முன்னாடி, 1222இல், அங்கே ஒரு பல்கலைக்கழகம் தொடங்கியிருந்தது.

6/
அந்தத் தொடக்கமே வெளியூர்க்காரர்களால்தான். எந்த ராஜாவும் கட்டிக் கொடுக்கவில்லை. பொலோனியா பல்கலைக்கழகத்தில் சுதந்திரம் குறையுதுன்னு கோபப்பட்டு ஒரு கூட்டம் மாணவர்களும் ஆசிரியர்களும் கிளம்பி வந்து பதுவாவில் உட்கார்ந்தார்கள்.

7/
மாணவர்கள் ‘நேஷன்’ என்ற குழுக்களாகப் பிரிந்திருந்தார்கள். இன்றைய ‘நாடு’ என்ற அர்த்தம் இதற்குக் கிடையாது. ஒரே பகுதியிலிருந்து வந்தவர்களின் சங்கம். ஹாஸ்டல்ல நம்ம மாவட்டத்துப் பசங்க ஒண்ணா சேர்ந்துக்குவோம்ல, அந்த மாதிரி. ஜெர்மானியர், போலந்துக்காரர், ஆங்கிலேயர் என்று தனித்தனிச் சங்கம். அவங்கவங்களுக்கு ஒரு பிரதிநிதி. தொடக்க நூற்றாண்டுகளில் ரெக்டரை மட்டுமல்ல, பேராசிரியர்களையும் தேர்ந்தெடுத்தது மாணவர்கள்தான்!

8/
வகுப்பில் பொது மொழி லத்தீன். பாடப் புத்தகம்? கிரேக்கரான கேலனும், அரபியில் எழுதிய இப்னு சீனாவும். ஆண்ட்ரியா அல்பாகோ என்ற மருத்துவர் பல வருடம் டமாஸ்கஸில் தங்கி அரபி கற்று, இப்னு சீனாவின் மொழிபெயர்ப்பைத் திருத்தி பதுவாவுக்குக் கொண்டுவந்தார். கிறிஸ்தவ ஊரில், ஒரு முஸ்லிம் மருத்துவரின் நூலை லத்தீனில் வாசித்து டாக்டர் ஆனார்கள்.

9/
வந்து படித்தவர்களைப் பாருங்க. பூமிதான் சூரியனைச் சுற்றுகிறது என்று சொன்ன போலந்துக்காரர் கோபர்நிகஸ் 1501 முதல் 1503 வரை இங்கே படித்தது மருத்துவம். பிரஸ்ஸல்ஸில் பிறந்த வெசாலியஸ் 1537 டிசம்பரில் இங்கே பட்டம் வாங்கினார். மறுநாளே அவரை அனாடமி சொல்லித்தர நியமித்துவிட்டார்கள். வயசு 22. ஆறு வருஷத்தில் அவர் எழுதிய புத்தகம்தான் நவீன அனாடமியின் அஸ்திவாரம்.

10/
‘வெளியூர்ப் பையன், நேத்து வரைக்கும் மாணவன், இவனுக்குப் போய் வேலையா’ என்று அன்றைக்கு நினைத்திருந்தால்? யோசிச்சுப் பாருங்க.

11/
இப்போ முக்கியமான கட்டம். 1564இல் போப் நான்காம் பயஸ் ஒரு ஆணை போட்டார். பட்டம் வாங்கணும்னா கத்தோலிக்க விசுவாச உறுதிமொழி எடுத்தாகணும். பதுவாவில் பட்டம் கொடுக்கும் அதிகாரம் பிஷப்பிடம் இருந்தது. புராட்டஸ்டன்ட், யூதர், கிழக்குச் சபைக் கிரேக்கர், எல்லோருக்கும் கதவு சாத்தியாச்சு.

12/
பதுவாவை ஆண்டது வெனிஸ் குடியரசு. வியாபாரிகளின் அரசு. வெளிநாட்டு மாணவன் வந்தா வாடகை, சாப்பாடு, கட்டணம்னு ஊர்ல பணம் புழங்கும். நல்ல பேரும் கிடைக்கும். அதை இழக்க அவங்களுக்கு மனசில்லை. போப்போடு நேரா மோதவும் விருப்பமில்லை. என்ன பண்ணாங்க தெரியுமா?

13/
ஒரு சந்து கண்டுபிடிச்சாங்க. பேரரசரிடமிருந்து பட்டம் வழங்கும் உரிமை பெற்ற பிரபுக்கள் சிலர் இருந்தார்கள். பிஷப்பிடம் போகவே வேண்டாம், அந்தப் பிரபுவிடம் வாங்கிக்கோ. உறுதிமொழி கிடையாது. தேர்வு மட்டும் வழக்கம்போல கறாரா நடக்கும். 1602 ஏப்ரல் 25 அன்று 24 வயசு ஹார்விக்கு அப்படித்தான் டாக்டர் பட்டம் கிடைத்தது. படிக்கும்போது ஆங்கிலேயர் சங்கத்தின் பிரதிநிதியும் அவரே.

14/
பிறகு 1616இல் வெனிஸ் அரசே தன் அதிகாரத்தில் பட்டம் கொடுக்க ஒரு தனிக் குழு அமைத்தது. மதம் கேட்கப்படாது. பெரிய மனிதாபிமானப் பேச்சு எதுவும் இல்லை, ஒரு நிர்வாக ஏற்பாடு. ஆனா அந்த ஏற்பாடு எத்தனையோ பேரின் வாழ்க்கையை மாற்றியது.

15/
உடனே ‘ஆஹா, சொர்க்கம்’ என்று நினைச்சுடாதீங்க. ஐரோப்பாவில் யூதர்களுக்கு மருத்துவப் பட்டம் கொடுத்த இடங்கள் மிக மிகக் குறைவு. அதில் முதன்மையானது பதுவா. 16 முதல் 18ஆம் நூற்றாண்டு வரை 200க்கும் மேற்பட்ட யூதர்கள் இங்கே மருத்துவர் ஆனார்கள். ஊரில் யூதர்கள் வண்ணத் தொப்பி போட்டே ஆகணும் என்ற சட்டம் இருந்தபோது, யூத மாணவருக்கு மட்டும் மற்றவர்களைப் போலக் கறுப்புத் தொப்பி போட அனுமதி இருந்தது.

16/
ஆனா கட்டணம் மற்றவர்களைவிட அதிகம். பட்டம் வாங்கும்போது மற்ற சங்கங்களுக்கெல்லாம் மிட்டாய்ப் பொட்டலம் வேற கொடுக்கணும். அதைவிடக் கொடுமை ஒண்ணு இருக்கு. அறுத்துப் பார்க்க உடல் கிடைக்காதபோது மாணவர்கள் யூதர்களின் சவ ஊர்வலத்தையும் கல்லறையையும் குறிவைத்தார்கள். ஒரு யூத மாணவனின் நிலைமையை நினைச்சுப் பாருங்க. பக்கத்து பெஞ்ச் நண்பனே அவன் தாத்தாவின் உடலைத் தூக்க வரலாம்.

17/
வாத்தியார் ஃபாப்ரிசியஸும் லேசுப்பட்டவர் இல்லை. 1580களின் இறுதியில் ஒருநாள் நாக்கின் தசைகளைப் பற்றிப் பாடம் எடுக்கும்போது, ஜெர்மானிய மாணவர்கள் எழுத்துகளை உச்சரிக்கும் விதத்தைக் கிண்டல் பண்ணிட்டார். வகுப்பு சிரிச்சிருக்கும். ஜெர்மானியர் சங்கம் சிரிக்கலை. பெரிய தகராறு ஆகிப்போச்சு. பேராசிரியர்னும் பார்க்காம எதிர்த்து நின்னாங்க. சங்கம் இருந்ததால்தான் அது முடிந்தது. தனி ஆளா இருந்தா தலையைக் குனிஞ்சிட்டுப் போயிருப்பான்.

18/
அதே ஃபாப்ரிசியஸ் காலத்தில்தான் 1595இல் நிரந்தர அனாடமி அரங்கம் கட்டப்பட்டது. இன்றும் நிற்கிறது. கவிழ்த்து வைத்த கூம்பு மாதிரி, ஆறு அடுக்கு, நடுவில் ஒரு மேஜை. உட்கார இடமே கிடையாது. தோளோடு தோள் ஒட்டி நின்னுதான் பார்க்கணும். இங்கிலாந்து, ஜெர்மனி, போலந்து, எல்லோரும் மேலிருந்து ஒரே உடலைக் குனிந்து பார்த்தார்கள். எந்த மதத்து உடலானாலும் உள்ளே ஒரே இதயம்தான்.

19/
ஃபாப்ரிசியஸ் சிரை வால்வுகளை அருமையா விவரிச்சார். ஆனா ரத்தம் கல்லீரலில் உருவாகி வெளிப்பக்கம் போகுதுங்கிற பழைய நம்பிக்கையை அவர் விடலை. வால்வு அதன் வேகத்தைக் குறைக்கும் தடுப்பு என்று நினைத்தார். ஹார்வி ஊருக்குத் திரும்பிப் போய்ப் பல வருஷம் யோசிச்சார். இது தடுப்பு இல்லை, ஒருவழிக் கதவு!

20/
அப்புறம் ஒரு எளிய கணக்கு. இன்றைய அளவில் சொல்றேன். இதயம் ஒரு துடிப்புக்கு சுமார் 70 மில்லி, நிமிஷத்துக்கு 70 துடிப்பு. கிட்டத்தட்ட 5 லிட்டர். அரை மணி நேரத்தில் 150 லிட்டர். உடம்பில் இருக்கும் மொத்த ரத்தமே 5 லிட்டர்தான். அப்போ புதுசு புதுசா உருவாக வாய்ப்பே இல்லை, அதே ரத்தம்தான் சுற்றுது. வாத்தியார் கண்டதை மாணவன் வேறு கண்ணால் பார்த்தான்.

21/
இன்னொரு பரிசும் உண்டு. 1540களில் பதுவாவில் ஜியோவன்னி பத்திஸ்தா தா மோன்தே என்ற பேராசிரியர் மாணவர்களை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போய், நோயாளியின் படுக்கை அருகே நின்று பாடம் நடத்தினார். இங்கே படித்த டச்சுக்காரர் ஹ்யூர்னியஸ் அந்த யோசனையை லைடனுக்குக் கொண்டு போனார். அவர் மகன் 1636இல் அதை அங்கே நடைமுறைப்படுத்தினார்.

22/
லைடனில் போயர்ஹாவே வெறும் 12 படுக்கைகளை வைத்து ஐரோப்பாவுக்கே பாடம் எடுத்தார். அவரிடம் படித்தவர்கள் 1726இல் எடின்பரோவில் மருத்துவப் பள்ளி தொடங்கினார்கள். எடின்பரோவில் படித்த ரெண்டு அமெரிக்கர்கள் 1765இல் ஃபிலடெல்ஃபியாவில் தொடங்கினார்கள். ஒவ்வொரு கண்ணியிலும் இருப்பவர் யார்? வெளிநாட்டுக்குப் படிக்கப் போய் ஊர் திரும்பிய ஒரு மாணவர்.

23/
காலையில வார்டு ரவுண்ட்ஸ்ல உங்க அப்பா கட்டிலைச் சுற்றி ஒரு டாக்டரும் பத்து மாணவர்களும் நிற்பாங்களே, அந்த வழக்கம் இந்தப் பாதையில் வளர்ந்ததுதான்.

24/
இதை ஏன் இவ்வளவு நீளமா எழுதறேன்? ஒரு குற்ற உணர்ச்சியும் இருக்கு. நான் படிக்கும்போது எங்க பேட்ச்ல ஆப்பிரிக்காவிலிருந்து வந்த ஒரு மாணவர் இருந்தார். நோயாளிகளுக்காகத் தமிழ் கத்துக்கிட்டார். ‘மூச்சை இழுத்து விடுங்க’ என்பது அவர் வாயில் ‘இலுத்து’ ஆகும். நாங்க ஹாஸ்டல்ல அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்போம். அவர் காதிலும் விழும். நானும் சிரிச்சவன்தான்.

25/
வார்டில் ஒரு பாட்டி மட்டும் அவர் வந்தால்தான் பேசுவாங்க. ஏன்னு கேட்டோம். மத்தவங்க அவசரமா ஓடுறாங்க, அந்தத் தம்பிதான் நின்னு கேக்குதுன்னு சொன்னாங்க. புது மொழியில் ஒவ்வொரு வார்த்தையையும் கவனிச்சாதானே அவருக்குப் புரியும்! அந்தக் கவனிப்பு எங்களிடம் இல்லை. அவருக்குப் பின்னால் ஜெர்மானியர் சங்கம் மாதிரி ஒரு சங்கமும் இல்லை.

26/
இன்னைக்கு நம்ம பிள்ளைகள் மருத்துவம் படிக்க ரஷ்யா, ஜார்ஜியா, பிலிப்பைன்ஸ்னு போறாங்க. அங்கே யாரும் அவங்க பெயரைக் கிண்டல் பண்ணக் கூடாது, வாடகைக்கு வீடு கொடுக்கணும், கூட உட்கார்ந்து சாப்பிடணும்னு நாம ஆசைப்படுறோம். நம்ம ஊர் கல்லூரிக்கு வர்ற பிள்ளைக்கும் ஒரு அம்மா அப்படித்தான் வேண்டிக்கிட்டு இருப்பாங்க.

27/
பதுவாவின் பழைய கட்டடத்துச் சுவர்களில் அங்கே படித்தவர்களின் குடும்பச் சின்னங்கள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. ஹார்வியுடையதும் உண்டு. கலாச்சார தினத்துக்கு உடையும் உணவும் வைத்துக் கொண்டாடுங்க, நல்லதுதான். கூடவே விதியில் ஒரு கதவைத் திறந்து வைங்க. அந்தப் பிள்ளையின் பெயரைச் சரியாகக் கேட்டு, சரியாகச் சொல்லுங்க.

28/
நான் அன்னைக்கு அதைச் செய்யலை. நீங்க செய்யுங்க.